தண்ணீர் எங்கே நின்றது

ஆயுள் முழுக்க அடுத்தவர் கண்டுபிடித்த விடைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சம்பளம் வாங்கியவள் நான். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. விதி, நிரூபணம், கணக்கு, பரீட்சை, மறுபடி விதி. எனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதிலும் பாதி என் தோழிக்குச் சொந்தம். கேள்வி கைவிட்டுப் போனால் கூடவே அவளும் போய்விடுவாள் என்று எனக்கு முன்கூட்டியே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். காவிரி வருஷத்தில் பல மாதம் வெறும் மணல். மேட்டூரில் அணை திறந்தால் சில நாள் கழித்து முதல் தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும். பார்த்திராதவர்கள் அது வெள்ளமாகப் பாய்ந்து வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சினிமா பார்த்துக் கெட்டுப்போன கற்பனை. உண்மையில் அது கணுக்கால் உயரம்கூட இல்லாமல், நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, மணல்மேல் நாக்கு நாக்காக நீண்டு வரும். வருகிற வழியில் ஓரிடத்தில் நின்றுவிடும். பின்னால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், முன்விளிம்பு மட்டும் முரண்டு பிடித்த மாடு மாதிரி நகராது. பிறகு சட்டென்று ஓடும். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிற்கும். எந்த மணலில் நிற்கிறது, ஏன் நிற்கிறது? இவ்வளவுதான் எங்கள் கேள்வி.

அதற்கு இரண்டு பதில்கள் வைத்திருந்தோம். காய்ந்த மணல்தான் தண்ணீரைக் குடிக்கும், அதனால் அங்கேதான் நிற்கும், ஈர மணலில் ஓடிவிடும் என்பது ஒன்று. யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். இல்லை, சுத்தமாகக் காய்ந்த மணல் முதலில் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே வழுக்கி ஓடவிடும், லேசாக ஈரம் பட்ட மணல்தான் இழுத்துக் குடிக்கும், ஆகவே நிற்பது ஈர மணலில்தான் என்பது மற்றொன்று. ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு சண்டை போட்டோம்.

அவள் அதே கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. வீடு பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அவளுடைய அத்தா (அப்பாவை அவர்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அங்கே துணிக்கடை வைத்திருந்தார். நான் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபப் படித்துறைக்குப் பக்கத்தில். சொல்லப்போனால் என் வீட்டு வாசலிலிருந்தே ஆற்றுக்கு நடந்து போய்விடலாம். ஆனால் முதல் தண்ணீர் வரும் நாளில் அம்மா மண்டபத்தில் பூவும் கற்பூரமும் போலீஸும் போட்டோ எடுக்கிறவர்களும்தான் தெரிவார்கள், மணல் தெரியாது. அதனால் இருவரும் சத்திரம் பேருந்து நிலையத்தில் சந்தித்து, டவுன் பஸ் ஏறி ஜீயபுரம் போய், வாழைத் தோட்டத்து வரப்பு வழியே ஆற்றில் இறங்குவோம். ஆளுக்கு ஒரு குச்சி கொண்டுபோவோம். காய்ந்த மணலில் ஒன்று, பழைய குட்டையோரத்து ஈர மணலில் ஒன்று நட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து புளியோதரையைப் பங்கு போட்டுச் சாப்பிடுவோம். புளியோதரை என் வீட்டிலிருந்து, வறுத்த கறி அவள் வீட்டிலிருந்து. நான் கறி சாப்பிடுவது என் வீட்டாருக்குத் தெரியாது, இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது. இதைவிட முக்கியமான இன்னொரு சட்டத்தை அவள்தான் கொண்டுவந்தாள். ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் வந்து போனதும் கட்சி மாறிவிட வேண்டும். இந்த வருஷம் நான் காய்ந்த மணல் என்றால், அடுத்த தண்ணீர் வரும்வரை ஈர மணலுக்காக நான் வாதாட வேண்டும், காய்ந்த மணலை அவள் எடுத்துக்கொள்வாள். நம்பினாலும் நம்பாவிட்டாலும் முழு மனதோடு வாதாட வேண்டும். ஒப்புக்குப் பேசினால் மற்றவள் கண்டுபிடித்துவிடுவாள். கல்லூரி உணவறையில் எங்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். இவங்க ரெண்டு பேரும் போன வருஷம் வேற மாதிரில்ல பேசினாங்க என்று ஒரு தமிழாசிரியை கேட்டே விட்டாள்.

எங்களிடம் உருப்படியாக ஏதாவது பிறந்தது என்றால், அது நம்பாத பக்கத்தில் நின்று வாதாடிய வருஷங்களில்தான். அவள் ஈர மணலைத் துளியும் நம்பாத ஒரு வருஷம் அது அவள் தலையில் விழுந்தது. ஒருநாள் காலையில் போன் செய்தாள். இடியாப்பத்துக்கு அரிசி மாவில் தண்ணீர் விட்டிருக்கிறாள். காய்ந்த மாவின் மேல் தண்ணீர் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் உருண்டு ஓடியிருக்கிறது. அவள் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது. தன் சொந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சி கிடைத்ததற்கு ஒருத்தி அப்படிச் சந்தோஷப்பட்டாள். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது. காய்ந்த மணல் என் பங்காக வந்த வருஷம், தண்ணீர் நின்ற இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்புவதைப் பார்த்தேன். மணலுக்குள்ளிருந்து காற்று வெளியே வருகிறது என்றால் தண்ணீர் உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம். அதற்கு முன்பும் குமிழி வந்திருக்கும். ஈர மணலுக்காகப் பேசிய வருஷங்களில் என் கண்ணில் படவில்லை.

அவள் கல்யாணத் தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, சாய்த்து வைத்து, சொம்பால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். அவள் கணவர் எட்டிப்பார்த்து, உப்பு போட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். தாம்பாளத்திலும் ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. எதுவும் முடிவாகவில்லை. முடிவாகாததில் எங்களுக்கு வருத்தமே இல்லை. ஒரு கருத்துக்கு விலை எதனால் வருகிறது என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன். அது எதையெல்லாம் நடக்காது என்று சொல்லத் துணிகிறதோ அதனால்தான். காய்ந்த மணலில் நிற்கும் என்று சொன்னால், ஈர மணலில் நின்றால் நான் தோற்றேன் என்றும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோற்க இடமில்லாத கருத்து சோதிடம். இதையெல்லாம் பாடத்திட்டம் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஜீயபுரத்து மணலில் அவளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

பிறகு அவள் கணவர் இறந்தார். மகன் அதற்கு முன்பே துபாய் போய்விட்டான். அவள் பணி ஓய்வு பெற்றாள், எனக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி இருந்தது. பெரிய வீட்டில் அவளும் ஒரு மின்விசிறியும். நான் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். வாரத்தில் மற்ற நாட்களை அவள் எப்படிக் கழிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. மகன் ஊருக்கு வந்தபோது புது போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, கேட்டால் பதில் சொல்லும் அந்தச் செயற்கை அறிவையும் அதில் போட்டுக் காட்டிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா தனியாக இருக்கிறாளே என்று செய்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரியில் இது பற்றி ஒரு கருத்தரங்கு. வந்தவர், இனிமேல் கருதுகோளை இயந்திரமே சொல்லிவிடும், நாம் சரிபார்த்தால் போதும் என்றார். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்து, அது தோற்றால் யாருக்கு வலிக்கும் என்று கேட்டேன். நல்ல தத்துவார்த்தமான கேள்வி என்று பாராட்டிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார். என் மாணவிகள் கொண்டுவரும் ஆய்வுத் திட்டங்களும் அந்த வருஷத்திலிருந்து ஒரே வழவழப்பு. முன்பெல்லாம் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வருவார்கள், அந்தத் தப்பைப் பிடித்து இழுத்தால் உள்ளே ஒரு பெண் யோசித்துக்கொண்டிருப்பது தெரியும். இப்போது பிடித்து இழுக்க ஒரு நூல்கூட இல்லை. போகட்டும், இது எல்லா வாத்தியாரும் பாடும் பாட்டு. என் நோவு அது இல்லை.

ஒருநாள் அவளிடமிருந்து நீளமான ஒரு செய்தி வந்தது. மேலே அவள் எழுதியிருந்தாள்: "நம்ம கேள்வி முடிஞ்சிருச்சுடி." கீழே இயந்திரத்தின் பதில். காய்ந்த மணல் ஏன் தண்ணீரைக் குடித்து நிறுத்துகிறது என்பதற்கு அவ்வளவு அழகான விளக்கத்தை நான் படித்ததே இல்லை. மணல் துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அடைபட்ட காற்று, என் குமிழிகள்கூட அதில் இருந்தன. ஆரம்பத்திலேயே அவளுடைய அவதானிப்பு மிகக் கூர்மையானது என்று பாராட்டும் இருந்தது. கேட்கக் கூடாது என்ற சட்டத்தை உடைத்துவிட்டாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அதைவிட, அந்த வருஷம் காய்ந்த மணல் அவள் பங்கு. அதனால்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். எந்த மணலில் நிற்கும் என்று கேட்கவில்லை. காய்ந்த மணலில் தண்ணீர் நிற்கிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. நானும் அதே இயந்திரத்திடம் போய், என் பங்கைச் சொன்னேன். ஈர மணலில் தண்ணீர் நிற்கிறதே, ஏன்? அதே பணிவு. என் அவதானிப்பும் மிகக் கூர்மையானதாம். காய்ந்த மணல் முதலில் தண்ணீரை ஏன் ஏற்காது என்று, கிட்டத்தட்ட அவளுடைய இடியாப்ப மாவையே எடுத்துக்காட்டி, அதே அழகோடு அதே உறுதியோடு விளக்கியது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மறுநாளே இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினேன். ரெண்டு பக்கமும் ஆமாம் போடுகிற ஆளை நாம் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறோம், அவளும் சிரிப்பாள், கேள்வி திரும்பவும் எங்களுக்கே கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். சிரிக்கவில்லை. நீ கேட்டது உனக்கு, நான் கேட்டது எனக்கு, என்னுடையதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது என்றாள். சரி, தண்ணீர் வந்ததும் நீ மாற வேண்டுமே என்றேன். மாறப் போவதில்லை என்றாள். இத்தனை வருஷத்தில் நாம் கண்ணால் பார்த்ததே காய்ந்த மணலில் நிற்பதைத்தான், நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன் என்றாள். பத்துப் பதினைந்து வருஷம் நாங்கள் என்ன பார்த்தோம் என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் குழப்பத்தைத்தான் பார்த்தோம். அந்தக் குழப்பம் எங்கள் சொத்து. அவளுக்குள் யாரோ அதைப் பெருக்கித் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு நாக்கு நீளம். ஆமாம் சாமி போடுகிற ஒன்றை நம்பி, எதிரே உட்கார்ந்து சண்டை போடுகிற என்னை விட்டுவிடுவாயா என்று கேட்டேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒன்னோட பேசினா நான் தோக்கணும்டி. முன்னாடி தோத்துட்டு வீட்டுக்கு வந்தா சிரிக்க ஆளு இருந்தாரு. இப்ப தோத்துட்டு எங்க போறது? அது என்னைத் தோக்கடிக்கறதில்ல. காலைல எந்திரிச்சு அதோட பேசினா அன்னிக்கு பொழுது ஓடிடுது."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. தோல்வி கருத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன். தோற்பதற்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டில் உப்பு போட்டாச்சா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். போயிட்டு வா என்று வாசல்வரை வந்தாள். படியிறங்கும்போதே உள்ளே அவள் போனில் எதையோ கேட்கும் குரல் கேட்டது.

அதற்குப் பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். முட்டி வலி, மகன், மின்வெட்டு. நான் எதையாவது வியந்து பேச்சை எடுத்தால், இரு கேட்டுச் சொல்கிறேன் என்பாள். உடனே கேட்டும் சொல்லிவிடுவாள். பதில் எப்போதும் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு சொல்ல எங்கள் இருவரிடமும் ஒன்றும் இருக்காது. வியப்பதை நானே குறைத்துக்கொண்டேன். ஒரு மனுஷி யோசிப்பதை நிறுத்துவது இவ்வளவு அமைதியாக நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவளைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

இந்த வருஷம் மேட்டூரில் அணை திறந்த செய்தி வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். முட்டி முடியவில்லை, நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்றாள். சத்திரத்தில் தனியாக பஸ் ஏறினேன். கை பழக்கத்தில் இரண்டு குச்சிகள் எடுத்து வந்திருந்தேன். புளியோதரையும் இரண்டு பேருக்குக் கட்டியிருந்தேன். அதே வரப்பு. அதே இடத்தில் குச்சிகளை நட்டேன். கொஞ்சம் தள்ளி ஊர்ப் பெண்கள் சிலர் மஞ்சளும் பூவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

தூரத்தில் நுரை தெரிந்தது. வழக்கமாக இந்த நேரத்தில்தான் எங்கள் சண்டை உச்சத்துக்குப் போகும். கடைசி நிமிஷத்தில் ஒருத்தி புதிதாக ஏதாவது சொல்வாள், மற்றவள் மணலில் விரலால் கோடு போட்டு அதை உடைப்பாள். அந்தச் சண்டை சூட்டில்தான் எங்கள் கண் கூர்மையாகும். இப்போது வெறும் மணலும் தண்ணீரும் மட்டும் இருந்தன. எதைப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போனை எடுத்தேன். ஈர மணலில்தான் நிற்கும் என்கிறேன், என்னை மறுத்துப் பேசு என்று எழுதினேன். மறுத்தது. நன்றாகவே மறுத்தது, ஒரு நிமிஷம் அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விடுவேனா, இல்லை நீ சொல்வது தப்பு என்று பதிலுக்கு எழுதினேன். அடுத்த நொடி வந்தது பதில்: "மன்னிக்கவும். நீங்கள் சொல்வதுதான் சரி."

எப்படிச் சரி என்று கேட்டேன். நான் ஒரு காரணமும் சொல்லவில்லையே, அதற்குள் ஏன் ஒத்துக்கொண்டாய் என்று எழுதினேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. சண்டை போடேன் என்று எழுதினேன். சண்டை போட்டது. தப்பு என்றேன். மன்னிக்கவும் என்றது. குனிந்த தலை நிமிராமல் நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா, செருப்பு போவுது பாருங்க" என்று அந்தப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்.

நிமிர்ந்தேன். கரையோரம் கழற்றிவைத்திருந்த செருப்பில் ஒன்று மெதுவாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் என் பாதத்தைச் சுற்றி ஓடியது. இரண்டு குச்சிகளும் நட்டது நட்டபடி தண்ணீருக்குள் நின்றன. முன்விளிம்பு அவற்றைத் தாண்டி எங்கோ போய்விட்டிருந்தது. எந்தக் குச்சியருகே நின்றது, எந்தக் குச்சியைத் தாண்டி ஓடியது, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் நான் அதைப் பார்க்காமல் விட்டது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண்களைக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அவர்கள் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்போடு கரையேறி, வாழைக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் செய்தி வந்தது. "தண்ணி வந்துச்சா? எங்க நின்னுச்சு?"

பார்க்கவில்லை என்று எழுதினேன், அழித்தேன். பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். ஈர மணலில் என்று எழுதி அவளைச் சீண்டலாமா என்று பார்த்தேன். சீண்டினால் அவள் என்னோடு சண்டைக்கு வர மாட்டாள், என்னை விட்டுவிட்டு அந்த இயந்திரத்திடம் போவாள். மின்விசிறி ஓடும் அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. எழுதினேன்: "காய்ஞ்ச மண்ணுலதான்டி நின்னுச்சு. நீ சொன்னதுதான் சரி."

"எனக்குத் தெரியும்டி" என்று உடனே பதில் வந்தது. கூடவே ஒரு சிரித்த முகம்.

சத்திரம் பஸ் வந்தது. ஒற்றைச் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடுத்த வருஷம் யார் எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.